எமன் கொண்டுவந்த கஞ்சி

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள், நொடித்துப்போன நாடகக் கம்பெனி ஒன்று தன் உடுப்புகளையெல்லாம் பெட்டியில் போட்டு நிவாரணமாக அனுப்பியது. மாற்றுத்துணி இல்லாத ஊர் அள்ளிக்கொண்டது. இரண்டு அர்ச்சுனர்கள் கிணற்றில் சேறு வாரினார்கள். ஒரு நாரதர் செத்த மாட்டை இழுத்துப்போனார். மூட்டை தூக்கும் கொம்பையா வருவதற்குள் எமன் உடுப்புதான் மிஞ்சியிருந்தது. அதைப் போட்டு, தூறலுக்கு ஆகட்டுமென்று கிரீடத்தையும் வைத்துக்கொண்டு, கஞ்சி வாளியோடு வீடு வீடாகப் போனான்.

கடைசி வீட்டு உலகநாதர் நான்கு நாளாகப் பரணில் பட்டினி கிடந்தார். "ஊருக்கே சோறு போட்டவன் நான். தர்மக் கஞ்சிக்குக் கை நீட்டுவேனா?" என்பது அவர் பேச்சு. மனைவி செண்பகம் கெஞ்சி ஓய்ந்துவிட்டாள்.

"நீயாவது சொல்லிப் பாரேன், கொம்பையா."

அவன் ஏணியில் ஏறிப் பரணுக்குள் தலையை நீட்டினான். உலகநாதர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"இப்பவே வரணுமா?"

"கஞ்சி குடிங்க ஐயா."

"குடிச்சா விட்டுடுவியா?"

கொம்பையாவுக்கு அப்போதுதான் தன் கோலம் உறைத்தது. கீழே செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு, ஆமென்று சொல்லும்படி தலையாட்டினாள்.

"விட்டுடறேன்" என்றான்.

மூன்று குவளை குடித்தார். நான்காவதை வாங்கும்போதுதான் அவன் கழுத்துவரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

"அடப்பாவமே, உங்க ஊர்லயும் வெள்ளமா?" என்றவர் குவளையை அவனிடமே நீட்டினார். "முதல்ல நீ குடி."