விரால் சாறு

விரால் லேசில் பிடி கொடுக்கிற மீனா? சாம்பலை அள்ளிப் பூசியும் பஞ்சாலையின் கையிலிருந்து இரண்டு தடவை வழுக்கிக்கொண்டு போனது.

மூன்றாவது தடவை வாலை மிதித்துக்கொண்டாள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த, மரத்தில் பால் வெட்டுகிற கத்திக்கு இன்றைக்குத்தான் ஒரு வேலை. வாலிலிருந்து தலைப்பக்கமாக எதிர்த்துச் சுரண்டினாள். செதில் தெறித்தது. கன்னத்தில் ஒட்டியதைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் முருகையா வந்திருந்தான். சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் இந்தத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன இருபது பேரில் திரும்பி வந்த ஒரே ஆள். எலும்பும் தோலுமாக வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஒன் தம்பி அர்ச்சுனன் போய்ட்டான்க்கா. வாந்திபேதி. நாந்தான் குழியில வச்சு மண்ணு தள்ளுனேன். அவன் பொஞ்சாதிக்கிட்ட நீயே பாத்துச் சொல்லிரு."

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறியிருக்க வேண்டும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில், பலகைச் சுவருக்கு அடுத்த அறையில்தான் அர்ச்சுனன் பெண்டாட்டி முத்தாயி இருக்கிறாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். மாசக்கணக்கில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் காணாத உடம்பு. மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. பிள்ளைக்கு வாய்விட்டு அழவும் தெம்பு போய்விட்டது.

விரால் சாறு குடித்தால் பால் ஊறும் என்றார்கள். தனக்கென்று மிச்சமிருந்த ஒரே நல்ல புடவையை ரெம்பாவ் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், ஒருத்தியிடம் கொடுத்து, நேற்று இந்த மீனை உயிரோடு வாங்கி வந்திருந்தாள் பஞ்சாலை.

சாவு காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. முத்தாயிக்குத் தெரிந்தால் முடிந்தது கதை. பதினாறு நாளைக்கு மீன் அவள் வாயில் போகாது. பதினாறு நாள் இந்தப் பிள்ளை தாங்குமா?

அவள் காதில் விழாதவரை அவள் புருஷன் உயிரோடுதான் இருக்கிறான். என் காதில் விழுந்துவிட்டதே என்று கை ஒரு கணம் நின்றது. பாவமென்றால் என்னோடு போகட்டும் என்று மறுபடி சுரண்டினாள்.

பஞ்சாலை வாயை மூடிக்கொண்டு வேலை செய்து இந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. ஊமையாக இருந்தால் முத்தாயிக்குச் சந்தேகம் வரும். அதனால் மீனைத் திட்டினாள். ஜப்பான்காரனைத் திட்ட முடியாததையெல்லாம் சேர்த்து அதன் தலையில் கொட்டினாள். உள்ளே முத்தாயி சிரிக்கிற சத்தம் கேட்டது.

மஞ்சளும் இஞ்சியும் தட்டிப்போட்டுச் சாறு வைத்தாள். உப்புதான் காணாது. முத்தாயி குறை சொல்லவில்லை. ஒரு முள் விடாமல் சப்பினாள். சட்டியைச் சாய்த்து அடியில் கிடந்ததையும் ஊற்றச் சொல்லிக் குடித்தாள். சாப்பாடென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் இப்படிச் சாப்பிட்டதில் பஞ்சாலைக்கு நிம்மதியாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பால் இறங்கியது.

பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது. வாயோரம் வழிய வழியக் குடித்து, அப்படியே கண் சொக்கிப்போனது.

இனிச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று பஞ்சாலை சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முத்தாயி பிள்ளையைத் தூளியில் கிடத்தினாள். வந்து பஞ்சாலையை ஒட்டி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முருகையாண்ணன் சொன்னது பலகை வழியா எனக்கும் கேட்டுச்சு அண்ணி. புள்ள தூங்கிருச்சு. இப்ப அழுவலாம்."