டாக்டர் உத்தரவு

“கதவைச் சாத்திக்கலாமா டாக்டர்?” என்று கேட்டார் பெயிண்டர். மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும் மனைவி இப்போதைக்குத் திரும்ப மாட்டாள் என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தார்.

அந்த நுரையீரல் டாக்டருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கார்களுக்குப் பெயிண்ட் அடித்து அடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர், கேட்க வாய் வராமல் தரையைப் பார்த்தார்.

“கூச்சப்படாம சொல்லுங்க.”

“நானும் அவளும்... இனிமே எப்பவுமே சேரக் கூடாதா டாக்டர்?”

“யாரு கூடாதுன்னு சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்களாம். நெஞ்சு தாங்காது, உசுருக்கே ஆபத்துன்னு. போன தடவை நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவகிட்ட சொன்னீங்களாம். வீட்டுக்கு வந்ததும் படுக்கையைப் பக்கத்து ரூமுக்கு மாத்திட்டா.”

டாக்டர் பழைய கேஸ் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். “பயத்துல எதையோ தப்பா புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க.”

பிறகு பொறுமையாக விளக்கினார். முன்கூட்டியே இன்ஹேலர் இழுத்துக்கொள்ளலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேண்டாம். நெஞ்சில் பாரம் விழாமல் ஒருக்களித்துப் படுக்கலாம். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். ராத்திரி மாட்டிக்கொள்ளும் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

“மூக்குல குழாயோட மாப்பிள்ளையா?” என்று சிரித்தார் பெயிண்டர். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“முதல்ல அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசுங்க,” என்றார் டாக்டர்.

வீடு வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவம், புருஷன் உயிருக்குப் பயந்து தன் ஆசையை அடக்கிக்கொண்டு கிடக்கிறாளே என்று மனம் இளகியது. முன்பெல்லாம் பட்டறையிலிருந்து வந்து தோளில் கை வைத்தால், “இன்னிக்கு வேணாங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த வெட்கம் அவருக்குப் பிடிக்கும். அதற்காக ஒரு நாளும் அவளை விட்டதே இல்லை.

வீட்டில், அவள் மருந்துப் புகை பிடிக்கும் முகமூடியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கவனிப்பதில் இதுவரை ஒரு குறை வைத்ததில்லை.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்டி. பயப்படவே வேணாமாம். நீதான் தப்பா புரிஞ்சுக்கிட்டியாம். படுக்கையை எடுத்துட்டு வந்துடு.”

அவள் முகமூடியைக் கீழே வைத்தாள்.

“நான் எதையும் தப்பா புரிஞ்சுக்கல. டாக்டர் என்கிட்ட எதுவும் சொல்லவே இல்ல.”

“அப்புறம்?”

“நானாதான் சொன்னேன்.”

அவருக்கு மூச்சு இறுகியது. அவள் ஓடிவந்து முதுகைத் தாங்கி உட்கார வைத்தாள். இன்ஹேலரை வாயில் பொருத்தி அழுத்தினாள். இரைப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அடங்கியதும் தள்ளிப் போய்விட்டாள்.

“எதுக்குடி பொய்?” என்றார். “பிடிக்கலன்னா என்கிட்டயே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

“கல்யாணமானதுலேர்ந்து சொல்லிட்டுத்தானே இருந்தேன்.”