அடி வாங்கி வளர்ந்தவர்கள்

தண்ணீர் மொண்ட செம்பை ரஹ்மா உயர்த்தியதுமே இக்ராம் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டாள்.

தலைக்கு ஊற்றத்தான் உயர்த்தினாள். எட்டு வயதுக் குழந்தைக்கு அது தெரியவில்லை.

ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடத்தின் ஆவிக்குள் மற்ற பெண்கள் முதுகு தேய்த்துக்கொண்டும் மருமகள்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டும் இருந்தார்கள். ரஹ்மா தம்பி மகளை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

இடுப்பு வாரின் தடங்கள். நுனியில் கொக்கி பதிந்த சதுரம். சில இன்னும் சிவந்திருந்தன. சில மஞ்சள் பூத்துப் பழசாகியிருந்தன.

ஆற விட்டு, ஆறிய இடத்திலேயே மறுபடியும் அடித்திருக்கிறான் தம்பி.

ரஹ்மாவும் பிள்ளை வளர்த்தவள்தான். மகன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காமல் கிடந்திருக்கிறாள். இது அந்த அடி இல்லை.

என்ன தப்பு செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால், இதற்கும் ஈடான தப்பு ஒன்று உண்டு என்று ஆகிவிடும்.

குழந்தையே சொன்னாள். கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததை மறைத்துவிட்டாளாம். தப்பு தன்மேல்தானாம். அத்தை பார்த்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாமாம்.

ரஹ்மா நுரையைக் கழுவி, உடுப்பை மாட்டி, ஈரத் தலையோடு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஜும்ஆ தொழுகை முடிந்து மெக்னெஸ் நகரச் சந்துகளில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஸலாம் சொன்னார்கள். அவள் நிற்காமல் நடந்தாள். வாய் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் தம்பி ஜிலாலி கூஸ்கூஸ் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நெஸ்ஹா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

குழந்தையை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, ரஹ்மா தட்டைத் தம்பியின் கைக்கு எட்டாமல் இழுத்தாள். கழுதையை இப்படி அடித்தால்கூடச் சந்தையில் நாலு பேர் கேட்பார்களே, உனக்குக் கை எப்படி வந்தது என்று கேட்டாள்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

பொய் சொன்னாள், திருத்தினேன் என்றான். பயமில்லாத பிள்ளை உருப்படாது என்றான். மகள்மேல் தன்னைவிடப் பாசம் யாருக்கு என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"அப்பா கையால நாம வாங்காத அடியா அக்கா? அதுல வளந்தவங்கதானே ரெண்டு பேரும். செத்தா போயிட்டோம்?"

ரஹ்மாவின் விரல்கள் தட்டின் விளிம்பை விடவில்லை.

"நாம சாகல. ஆனா அந்த வீட்டுல பிள்ளைங்க ரெண்டு பேருதானாடா? நடுவுல ஹம்மாதின்னு ஒருத்தன் இருந்தானே."

முப்பது வருடமாக அந்தப் பெயரை அந்தக் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை.

நெஸ்ஹா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் இக்ராமின் புத்தகப் பையை எடுத்து வந்தாள். அதை ரஹ்மாவின் தோளில் மாட்டிவிட்டாள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஜிலாலியின் குரல் சின்னப் பையனுடையதைப் போல ஆகியிருந்தது.

"அவன் காய்ச்சல்ல போனான் அக்கா."

"காய்ச்சல்னு சொல்லச் சொன்னது அப்பா."