மூடப்பட்ட கணக்கு
நியூ லின் ரயில் நிலையத்தை ஒட்டிய அலுவலகத்தில், பிற்பகல் மழைவெளிச்சம் மஹதியின் திரையில் சாம்பலாகப் படிந்திருக்கிறது. காலையிலிருந்து அலுவலகத்தின் இணையச் செயலியை, கணக்குகளைச் சரிபார்க்கும் அடையாள சர்வர் உள்ளே விட மறுக்கிறது. காரணம் இப்போதுதான் தெரிகிறது. செயலி இதுவரை அவள் கணவன் இளம்பரிதியின் அலுவலகக் கணக்கில்தான் நுழைந்துகொண்டிருந்தது. இங்கே வேலை பார்த்தபோது செயலியை எழுதியவன் அவன். போன மாதம் மோட்டார்வே நெடுஞ்சாலை விபத்தில் இறந்துபோனான். நேற்று அவன் கணக்கை மூடிவிட்டார்கள். "நீ எழுந்திரும்மா, நான் மாத்திர்றேன் லா," என்கிறார் மலேசியத் தமிழரான மேலாளர் மார்கரெட். "வேணாங்க்கா, நானே பண்றேன்." செயலியின் அமைப்பில் இருக்கும் அவன் கணக்குப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறாள். கடைசி எழுத்தில் விரல் நிற்கிறது. கீழே ரயில் ஒன்று வந்து, நின்று, போகிறது. அழுத்துகிறாள். செயலிக்கென்றே உருவாக்கிய புதுக் கணக்கை இடுகிறாள். செயலி திறக்கிறது. அடுத்த மேசைகளில் கைதட்டுகிறார்கள். மஹதி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.