ஸ்டே வாங்கிய அண்ணன்

2007-இல் ஒரு திங்கட்கிழமை. சிதம்பரம் கோர்ட் வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கேஸ் போட்ட அண்ணன் சுப்புராயன். கேஸுக்கு ஆளான தங்கை லோகநாயகி. அவள் புருஷன் தங்கராசு. குமராட்சியிலிருந்து மினி பஸ் பிடித்து வந்திருந்த அத்தை சின்னம்மாள். வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்த பண்ருட்டி முந்திரி வியாபாரி.

வக்கீல்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

இறந்துபோன அப்பா, தன் ஒரே வீட்டை மகள் பெயருக்கு உயில் எழுதியிருந்தார். எழுதும்போது அவருக்குப் புத்தி சரியில்லை, உயில் செல்லாது என்று மகன் கேஸ் போட்டான். கேஸ் முடியும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று அன்று ஸ்டேவும் வாங்கிவிட்டான்.

"குறிஞ்சிப்பாடியில மாடி வீடு கட்டிட்ட. இது வேறயா ஒனக்கு?" என்றாள் அத்தை. "பெத்த அப்பனையே பைத்தியம்னு எழுதிக் குடுத்திருக்கியே, ஒன் வாயில புழு வெக்கும்டா!"

"கடைசியில அப்பாவுக்கு வேட்டி கட்டவே தெரியல அத்தை."

"ஒனக்கு இப்பவே தெரியல. இடுப்புல நிக்குதா பாரு!"

சுப்புராயன் வேட்டியை இறுக்கிக்கொண்டான்.

"மச்சான், நீ சோறுதான் திங்கறியா?" என்று தங்கராசு எகிறினான். "இவ ஒரு கையெழுத்து போட்டா நாளைக்குக் கிரயம். கெடுத்திட்டியே!"

லோகநாயகி குனிந்தாள். இரண்டு கை நிறைய மண்ணை வாரி அண்ணன் முகத்தில் வீசினாள்.

"நீ நல்லா இருப்பியா? ஒன் குடும்பம் வெளங்குமா?"

பஸ் சார்ஜுக்கு இது போதும் என்று அத்தைக்குத் தோன்றியது. கிளம்பிவிட்டாள்.

வியாபாரி தங்கராசுவின் சட்டையைப் பிடித்தார். "என் அட்வான்ஸ எடுய்யா."

"செலவாயிடுச்சுங்க."

"சீட்டாடுறதுக்குப் பேரு செலவா? வா, டீக்கடையில வெச்சுப் பேசிக்குவோம்."

இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் தலை மறையும்வரை லோகநாயகி திட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிறுத்தினாள்.

"ஏண்டி, கொஞ்சம் பாத்து எறியக் கூடாதா? கண்ணு தெறக்கவே முடியல," என்றான் சுப்புராயன்.

"அவுரு பாத்துக்கிட்டே இருந்தாருண்ணே. மெதுவா எறிஞ்சா நம்புவாரா?" முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, அண்ணன் கண்ணில் ஒற்றினாள். "கையெழுத்து போடுன்னு நேத்தும் அடிச்சாரு. இனிமே அடிச்சாலும் வீட்ட விக்க முடியாதில்ல?"

"முடியாது. ஆனா நீ வாய்தாவுக்கு வாய்தா வந்து என்னத் திட்டணும். நாம பேசிக்கறது தெரிஞ்சா போச்சு."

"எவ்ளோ நாளைக்கு?"

"ஒம் பொண்ணுக்குப் பதினெட்டு ஆவறதுக்கு இன்னும் ஒம்போது வருசம். அன்னைக்கே நான் கேச வாபஸ் வாங்கிடுறேன். நீ வீட்ட அவ பேருக்கு எழுதிடு."

"அதுவரைக்கும் கேசு தாங்குமாண்ணே?"

"சிவில் கேசும்மா. இருவது வருசம் தாங்கும்னு வக்கீலே சத்தியம் பண்றாரு. நமக்கு ஒம்போது போதும். மீதிய கோர்ட்டே வெச்சிக்கட்டும், பதினோரு வருசம்!"