என் ஏழு தோல்விகள்

கப்பல் மாலுமிப் பயிற்சிக்கு என் மகள் ஜெனிட்டா விண்ணப்பித்தாள். முடிப்பாள், பாதியில் விடுவாள், முதல் வாரமே ஓடிவிடுவாள் என்று மூன்று கட்டங்களிலும் பயிற்சி நிலையத்தின் கணிப்பு நிரல் சதவீதம் போடும். 'முடிப்பாள்' அறுபத்தைந்தைத் தொட்டால்தான் இடம்.

பெற்றோரின் தோல்விகளையும் படிவம் கேட்டது. நான் ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஏழு முறை தோற்றவன். கடைசி முறை இடித்தது தேர்வு வைத்த அதிகாரியின் ஸ்கூட்டரை. மறைத்துவிடலாம் என்றேன்.

"சும்மா இருங்கப்பா" என்று அவளே எழுதிவிட்டாள்.

அறுபத்தெட்டு வந்தது. இடம் உறுதி!

"என் தோல்வி இல்லாம இருந்தா எண்பது வந்திருக்கும், இல்லையா மேடம்?" என்று சேர்க்கை அதிகாரியிடம் அசடு வழிந்தேன்.

அவர் மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, என் தோல்விகளை மட்டும் நீக்கிக் காட்டினார். திரையில் அறுபத்தொன்று.

"இத்தனை தடவை தோத்தும் திரும்பப் போற அப்பா இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க பாதியில விடுறதில்ல சார்."

தோல்விக்கு ஒரு சதவீதம்! வேறெந்த அப்பன் கொடுத்தான்?

ஜெனிட்டா வண்டியை ஓட்ட, பின்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து வீடு திரும்பினேன்.

"அப்பா, அடுத்த வருஷம் தங்கச்சியும் விண்ணப்பிக்கணும். அதுக்குள்ள பாஸாகித் தொலைச்சிடாதீங்க."

"கவலையே படாத" என்றேன். "அப்பா இருக்கேன்ல!"