கர்னலுக்கு வழுக்கக் கூடாது

"பொம்பளைங்க குளியலறையை ஓணானுக்கு விடணுமாம்!"

நான் சொன்னதைக் கேட்டு டல்சி டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த ஓணானுக்கு?"

"அந்த நெவிலோடதுதான். தாடி வெச்சுக்கிட்டு எல்லாரையும் முறைக்குமே, அது. கர்னல்னு பேரு வேற."

நெவில் எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மேனேஜர் பிரென்டன் அந்தத் தாடி ஓணானைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறான். வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரிய மனிதர்கள் இல்லத்தைப் பார்க்க வருகிறார்கள். வாசலில் கர்னல் படத்தைப் போட்டு 'எங்கள் புதிய உறுப்பினர்' என்று போஸ்டர் ஒட்டியாயிற்று. நாங்களும்தான் வருஷக்கணக்காக இருக்கிறோம், யார் படம் போட்டார்கள்?

அந்தக் குளியலறையில் டல்சி இரண்டு தடவை வழுக்கி விழுந்திருக்கிறாள். தரையை மாற்றச் சொன்னால் பிரென்டன், "வயசானா கால் தடுமாறத்தான் செய்யும்" என்பான். இன்னொரு தடவை விழுந்தால் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி அடிலெய்டில் இருக்கிற மருத்துவ இல்லத்துக்கு அனுப்பிவிடுவானாம். அவளுடைய மகளும் பேத்திகளும் இங்கே புரோக்கன் ஹில்லில் இருக்கிறார்கள். அந்தப் பயத்திலேயே அவள் குளிப்பதை விட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறாள். இதைச் சாப்பாட்டு மேஜையில் தினமும் சொல்லிப் புலம்புவதுதான் என் வேலை.

நேரே பிரென்டனின் ஆபீசுக்குப் போனேன். நெவில் அங்கேதான் இருந்தார். சட்டையைப் பற்றிக்கொண்டு கர்னல்.

"ஏங்க, உங்க கர்னலுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"அங்கதாங்க, ஜாய்ஸ், கூரையில நாலு சூட்டு விளக்கு இருக்கு. கர்னலுக்குக் குளிர் ஆகாது. நீங்க காலையில குளிங்க. அவன் மத்தியானம் வந்து காயட்டும்."

"பிரமாதம்!" என்றான் பிரென்டன். "விளக்குக்குக் கீழ கர்னல். போட்டோ அள்ளும். பத்திரிகைக்காரங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன்."

சொல்லியும் விட்டான். அவன் போனை வைக்கும்வரை காத்திருந்துவிட்டு நெவில் கேட்டார்:

"ஆனா, தரைக்கு என்ன பண்றது?"

"மணல் போட்டுடுவோம். அதான் ஊரெல்லாம் கொட்டிக் கிடக்கே."

"தின்னுடுவான். குடல் அடைச்சுக்கும்."

"மரத்தூள்?"

"அதையும் தின்னுடுவான்."

"கார்ப்பெட்?"

"நகம் மாட்டிக்கும். பிஞ்சு ரத்தம் வரும். அதுவும் பத்திரிகைக்காரர் முன்னாடி."

பிரென்டனுக்கு வியர்த்தது. "இப்ப இருக்கிற டைலே இருக்கட்டுமே?"

நெவில் எழுந்து குளியலறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பளபளவென்று மின்னும் அந்தத் தரையில் கர்னலை மெதுவாக இறக்கிவிட்டார்.

கர்னல் ஓர் அடி எடுத்து வைத்தது. நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. பயத்தில் தாடி கறுத்துப்போய், தொப்பென்று வயிற்றில் படுத்துவிட்டது.

"ஐயோ பாவம்!" பிரென்டன் பதறினான். "இடுப்பு கிடுப்பு விட்டுப்போச்சுன்னா? விலங்கு நலத்துக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"டல்சி விழுந்தப்ப இந்த ஐயோ பாவம் எங்க போச்சு?" என்று கேட்டே விட்டேன்.

"ஜாய்ஸ், ப்ளீஸ். இது சீரியஸான விஷயம்."

"சொரசொரப்பான டைல் போடணும்," என்றார் நெவில். "ஈரத்துலகூட வழுக்கக் கூடாது. ஒரு மூலை விடாம போடணும். அப்புறம் சுவரோரமா கெட்டியா ஒரு கம்பி. இடுப்பு உயரத்துக்கு."

"கம்பி எதுக்கு?"

"ஓணான் ஏறி உக்கார்ற சாதியாச்சே."

"ரெண்டாவே போட்டுடலாம்!"

மறுநாளே ஆட்கள் வந்து தரையைப் பெயர்த்தார்கள். டல்சிக்கு இல்லாத பட்ஜெட் ஒரு தாடிக்கு வந்துவிட்டது. அன்றோடு நெவிலிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கர்னல் கம்பியில் உட்கார்ந்தது. பிரென்டன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். "பாதுகாப்பு விஷயத்துல நாங்க சமரசமே பண்ணிக்கிறதில்ல" என்று பேட்டி வேறு.

மறுநாள் காலை டல்சி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தமும் கேட்டது.

தலையில் துண்டோடு வந்தாள். "ஒரு அடிகூட வழுக்கலடி, ஜாய்ஸ்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மத்தியானம் கர்னல் காய வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பொறுக்க முடியாமல் போய் நெவிலின் அறைக் கதவைத் தட்டினேன்.

"அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணி டைல் போட வெச்சீங்களே! ஏன், இப்ப அதுவும் பிடிக்கலையா உங்க துரைக்கு?"

நெவில் வாயில் விரலை வைத்து மேஜையைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் தன் சொந்த விளக்கின் அடியில் கர்னல் கண்ணை மூடிக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் முந்தின நாள் பத்திரிகை. அதிலிருந்து பிரென்டன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"டைலெல்லாம் அவனுக்கு எதுக்குங்க?" நெவில் குரலைத் தாழ்த்தினார். "பொறந்ததிலேர்ந்து அவனுக்குத் தரை பழைய பேப்பர்தான்."